திருவிருந்து நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுகிறேன். இதுதான் தேவபயமா?

வேப்பமரத்தடி எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே வாசித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் ஒரு கிராமம். வீட்டிலேயே தையல் வேலை. ஒரே குருவானவர் பார்க்கிற எங்கள் சேகரத்தில் நிறைய ஊர் இருப்பதால் எங்கள் கோவிலுக்கு ஐயர் (குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார்கள். மற்ற வாரங்களில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். அதனால் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்தும் மாதம் ஒரு தடவைதான். அந்த ஒரு ஞாயிறு மட்டும் ஆறு வருஷமாக நான் வடக்கு வாசல் பக்கம் கடைசிப் பாயில் உட்காருகிறேன். காணிக்கை எடுத்து முடிந்து, பீடத்தின் மேல் இருக்கிற வெள்ளைத் துணியை ஐயர் மடிக்கத் தொடங்கியதும் எழுந்துவிடுவேன். செருப்பு விடுகிற இடத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. ஜனங்கள் எழுந்து போகிற சத்தம், பாட்டு, நடுவில் ஐயர் ஒவ்வொருவருக்கும் தணிந்த குரலில் சொல்வது, எல்லாம் அங்கே கேட்கும். கடைசி ஆசீர்வாதத்துக்கு உள்ளே வந்துவிடுவேன். தலைவலி என்று முதலில் சொன்னேன். இப்போது யாரும் கேட்பதில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மா கடைசி மூன்று வருஷம் என்னோடுதான் இருந்தார்கள். பிரஷர், சுகர் இரண்டும் பன்னிரண்டு வருஷமாக உண்டு. ஒருநாள் கழுத்திலிருந்த இரண்டு பவுன் செயினைக் கழற்றி என் கையில் வைத்து, "ஆஸ்பத்திரிக்கு நீதான் அலையுற, இத நீ வச்சுக்க, அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார்கள். சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனும் மைனியும் வந்திருந்தார்கள். அம்மா கழுத்தைப் பார்த்துவிட்டு மைனி, "அத்தை செயின் எங்க?" என்று கேட்டார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். கட்டிலில் படுத்திருந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மறுநாள் திருவிருந்து. நான் போய் முழங்கால்படியிட்டு அப்பமும் ரசமும் வாங்கினேன். பத்தொன்பதாம் நாள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூன்று நாளில் போய்விட்டார்கள்.

ஆறுதல் ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து ஓர் ஊழியர் வந்திருந்தார். திருவிருந்தைப் பற்றிப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதின 1 கொரிந்தியர் 11-ம் அதிகாரம் வாசித்தார். "இதினிமித்தம், உங்களில் அநேகர் பலவீனரும் வியாதியுள்ளவர்களுமாயிருக்கிறார்கள், அநேகர் நித்திரையும் அடைந்திருக்கிறார்கள்" என்று வாசித்துவிட்டு (நித்திரை என்றால் மரணம்) நிறுத்தினார். பிறகு, "இந்த வீட்டில் யாரோ ஒருவர் அபாத்திரமாய்ப் பந்தியில் கை வைத்திருக்கிறீர்கள்" என்றார். அவருக்கு எங்கள் வீட்டு விஷயம் எதுவும் தெரியாது. ஆனால் "அபாத்திரமாய்", தகுதியில்லாமல் என்கிற அந்தச் சொல் என் தலையில்தான் விழுந்தது. அன்றிலிருந்து நான் மரத்தடிக்காரி.

செயின் இப்போதும் என் தையல் மிஷின் டிராயரில் இருக்கிறது. அம்மா ரவிக்கைத் துணி ஒன்றில் சுற்றி, பழைய பாபின் டப்பாவில் போட்டிருக்கிறேன். கழுத்தில் போட்டதும் இல்லை, விற்றதும் இல்லை. நூல் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் டப்பா உருளும்.

இப்போது எழுத வந்ததற்குக் காரணம் என் மகள். பதினாலு வயது. முதல் தடவை திருவிருந்து எடுப்பதற்கு முன் நடக்கிற திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறாள். அடுத்த மாதம் பேராயர் வருகிறார்கள். விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனை எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. போன வாரம் அவளுக்கு வெள்ளைத் துணி அளவெடுத்துக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே சொன்னாள்: "அம்மா, பேராயர் தலைல கை வைக்கட்டும். ஆனா அப்பம் எனக்கு வேண்டாம். நானும் உங்க கூட மரத்தடிக்கு வந்துடுறேன். நான் எடுத்து, உங்களுக்கு ஏதாவது ஆகிட்டா?"

டேப்பைக் கீழே போட்டுவிட்டேன். நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எப்படியோ தெரிந்திருக்கிறது.

எங்கள் வீட்டுக் காலண்டரில் "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்று இருக்கிறது. "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்றும் அதே வேதம்தான் சொல்கிறது. எனக்கு இருப்பது எந்தப் பயம்? அம்மா என்னால்தான் போனார்களா? ஜெபம் பண்ணுங்கள் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கன்மலை எழுதியது:

சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் காலத்தில் சபைகளில் பயமே இல்லாமல் போய்விட்டது. ஒரு கையில் போன், மறு கையில் அப்பம் என்று வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். உங்களுக்குப் பயம் இருப்பதே நல்ல அடையாளம். ஊசா உடன்படிக்கைப் பெட்டியைத் தொட்டான், அங்கேயே செத்தான். அனனியாவும் சப்பீராளும் ஒரே ஒரு பொய்தான் சொன்னார்கள், இருவரும் விழுந்து செத்தார்கள். "நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினியாயிருக்கிறாரே" என்று புதிய ஏற்பாட்டில்தான் எழுதியிருக்கிறது. மனம் தெளியாமல் பந்திக்குப் போவதைவிடப் போகாமல் இருப்பது பாதுகாப்பு என்பது என் எண்ணம். முதலில் பாவத்தை அறிக்கையிட்டுச் சரிசெய்யுங்கள். அவசரம் வேண்டாம்.

இரவுப்பணி எழுதியது:

அக்கா, நான் நர்ஸ். பதினோரு வருஷமாக வார்டு வேலை. வேதம் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள், எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் பிரஷரும் சுகரும் இருந்த ஒருவருக்குப் பக்கவாதம் வருவது எங்கள் வார்டில் வாரா வாரம் பார்ப்பது. கூடுதல் அழுத்தத்தில் ரத்தக்குழாயின் உட்சுவர் வருஷக்கணக்கில் தடித்து, இறுகி, பலவீனமாகிறது. சுகர் அதை வேகப்படுத்தும். ஒருநாள் எங்கேயாவது அடைக்கும், இல்லையென்றால் வெடிக்கும். உங்கள் அம்மாவின் ரத்தக்குழாயில் இந்த வேலை அந்தச் சனிக்கிழமைக்குப் பல வருஷம் முன்பே தொடங்கிவிட்டது. நீங்கள் அப்பம் வாங்காமல் இருந்திருந்தாலும் அது நின்றிருக்காது.

கட்டில் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது ஒரு காரணத்தைத் தங்கள்மேல் போட்டுக்கொள்வார்கள். "அன்னைக்கு நான் கத்திட்டேன் சிஸ்டர்", "மாத்திரை வாங்கிக் குடுக்க மறந்துட்டேன் சிஸ்டர்". நிறையக் கேட்டிருக்கிறேன். இன்னொன்று: ராத்திரி தூக்கம் கெடுகிறதா, ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் ஒரு டாக்டரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகிவிடாது.

பழைய தமிழய்யா எழுதியது:

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எனக்கு எழுபத்து மூன்று வயது. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். என் அப்பா உபதேசியாராக இருந்தவர்கள். உங்கள் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்கள் எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே உரிமையோடு எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு சொல். "அபாத்திரமாய்." உங்களை ஆறு வருஷம் மரத்தடியில் நிறுத்தியது இந்தச் சொல்தான். நான் இலக்கணம் நடத்தியவன், அதனால் இதை விட மாட்டேன். வேதத்தில் "அபாத்திரமாய்ப் போஜனபானம்பண்ணுகிறவன்" என்று இருக்கிறது. "அபாத்திரன்" போஜனபானம் பண்ணினால் என்று இல்லை. "மெதுவாய் நடந்தான்" என்றால் மெது என்பது ஆளுக்கு அடையா, நடைக்கு அடையா? நடைக்குத்தானே. அதேபோல இங்கேயும் "அபாத்திரமாய்" என்பது உண்ணுகிற விதத்தைச் சொல்கிறது, உண்ணுகிற ஆளைச் சொல்லவில்லை. மூலமொழியான கிரேக்கத்திலும் அது வினையடைதான் என்று வேதம் படித்தவர்கள் சொல்வார்கள். பாத்திரவான்கள் மட்டும் வரவேண்டும் என்று பவுல் எழுதியிருந்தால் அந்த மேசைக்கு ஒருவரும் வர முடியாது. முதல் திருவிருந்தை நினைத்துப் பாருங்கள். காட்டிக்கொடுக்கிறவனுடைய கை மேசையில் இருக்கிறது. சேவல் கூவுமுன் மறுதலிக்கப் போகிற பேதுரு பக்கத்தில் இருக்கிறார். மற்றவர்களும் அன்று ராத்திரியே ஓடிப்போனார்கள். ஆண்டவர் அதை அறிந்தேதான் அப்பத்தைப் பிட்டார்.

சரி, அந்த "விதம்" என்ன? அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே பாருங்கள். கொரிந்துவில் திருவிருந்து சாப்பாட்டோடு சேர்ந்தது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று பவுல் கேட்கிறார். பிந்தி வருகிற ஏழைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாமல் உண்பது என்று அவர் சொன்னது இந்த அநியாயத்தைப் பார்த்துத்தான். அதனால்தான் முடிவில் "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்கிறார். பந்தியை விட்டு ஓடிப்போங்கள் என்று அந்த அதிகாரம் எங்கேயும் சொல்லவில்லை. இருபத்தெட்டாம் வசனத்தை எடுத்துப் பாருங்கள்: "தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து..." சோதித்தறிந்து, புசி. சோதித்தறிந்து, வெளியே போ என்று இல்லை.

இந்த இடத்தில் எனக்கு அப்பாவின் ஞாபகம் வருகிறது. எனக்கு ஒன்பது வயது இருக்கும். பதனீர்க் காலம். பனைத் தொழிலுக்கு ஞாயிறு கிடையாது, காலையும் மாலையும் பாளை சீவித்தான் ஆகவேண்டும். திருவிருந்து தொடங்கிய பிறகு ஒரு பனையேறி வந்தார். நெஞ்சில் மரம் உரசிய தழும்பு, மேலெல்லாம் பதனீர் வாசம், இடுப்பில் அரிவாள் பெட்டி. உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா பார்த்துவிட்டார்கள். முன்னே போய் ஐயரிடம் குனிந்து ஏதோ சொன்னார்கள். ஐயர் அப்பத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சபை முழுக்கக் காத்திருந்தது. அந்த மனுஷர் பெட்டியைக் கழற்றி வைத்து, கிணற்றடியில் கை கால் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு வந்து முழங்கால்படியிடும் வரைக்கும் ஒரு சத்தம் இல்லை. அவர் உள்ளங்கை காய்ச்சுப்போய்க் கறுத்திருந்தது. அதில் அந்த வெள்ளை அப்பம். தேவபயம் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த அமைதிதான் நினைவுக்கு வரும்.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அந்த நர்ஸ் பிள்ளை நன்றாகச் சொல்லியிருக்கிறது. நான் வேதத்திலிருந்து ஒரே ஒரு சொல் காட்டுகிறேன். இருபத்தொன்பதாம் வசனம்: "தனக்கு ஆக்கினைத்தீர்ப்பு வரும்படி." தனக்கு! தன் தாய்க்கு என்று எங்கே இருக்கிறது? எசேக்கியேல் 18-ல் தகப்பன் அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை, குமாரன் அக்கிரமத்தைத் தகப்பன் சுமப்பதுமில்லை என்று கர்த்தரே சொல்கிறார். கொரிந்து சபையில் வியாதியும் மரணமும் வந்ததைப் பவுல் சொன்னது மெய்தான், அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் அவர் தமக்குத் தெரிந்த சபைக்கு, தமக்குத் தெரிந்த குற்றத்துக்கு எழுதினார். அதையும்கூடத் தண்டனை என்று விடாமல், உலகத்தோடே ஆக்கினைக்குள்ளாகாதபடி கர்த்தராலே சிட்சிக்கப்படுகிறோம் (பிள்ளையைத் திருத்துவதுபோல) என்றுதான் முடித்தார். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளோ என்று ஆண்டவரே கேட்டு, அல்ல என்றும் சொன்னார். ஒன்றும் தெரியாத துக்க வீட்டில் வந்து கல் எறிந்த அந்த ஊழியர் செய்தது தவறு. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. உங்கள் மகளிடமும் இந்த "தனக்கு" என்ற சொல்லைக் காட்டுங்கள். அவள் எடுக்கிற அப்பம் உங்களை ஒன்றும் செய்யாது.

கன்மலை தம்பி ஊசாவைச் சொன்னார். சரியான இடம்தான், ஆனால் கொஞ்சம் சேர்த்து வாசிக்க வேண்டும். ஊசா செத்ததும் தாவீது கர்த்தருக்குப் பயந்து, "கர்த்தருடைய பெட்டி என்னிடத்தில் வருவதெப்படி" என்று சொல்லி அதை ஓபேத்ஏதோம் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் ஓபேத்ஏதோம் வீடு என்ன ஆயிற்று? எரிந்துபோயிற்றா? கர்த்தர் அவனையும் அவன் வீட்டார் அனைவரையும் ஆசீர்வதித்தார் என்று இருக்கிறது. அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் தாவீது திரும்பி வந்து, இந்தத் தரம் முறைப்படி, ஆடிக்கொண்டே கொண்டுபோனான். அவனும் பயந்தான், விலகினான், ஆனால் திரும்பி வந்தான். அவனுக்கு மூன்று மாதம், உங்களுக்கு ஆறு வருஷம். போதும் அம்மா.

சீனாய் மலையில் இடிமுழக்கத்துக்கு ஜனங்கள் நடுங்கினபோது மோசே சொன்னது யாத்திராகமம் 20:20. "பயப்படாதிருங்கள்" என்று தொடங்கி, அதே வாக்கியத்தில் "தேவனைப் பற்றும் பயம் உங்கள் முகத்திற்கு முன்பாக இருப்பதற்காகவும்" என்கிறான். பயப்படாதே, பயப்படு, இரண்டும் ஒரே மூச்சில். உங்கள் காலண்டர் வசனமும் "பூரண அன்பு" என்கிற யோவான் வசனமும் மோதுவதாக நினைக்கிறீர்களே, அந்த முடிச்சு இங்கே அவிழ்கிறது. அடுத்த வசனத்தையும் பாருங்கள்: ஜனங்கள் தூரத்திலே நின்றார்கள், மோசே கார்மேகத்துக்குச் சமீபமாய்ச் சேர்ந்தான். இடி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆதாமும் "பயந்து, ஒளித்துக்கொண்டேன்" என்றான். ஆண்டவர் சொன்ன உவமையில் எஜமானிடம் ஒரு தாலந்து பணம் வாங்கினவனும் "நான் பயந்து" என்று சொல்லித்தான் மண்ணில் புதைத்தான். எஜமான் கடினமானவர் என்று அவனுக்கு நினைப்பு. சங்கீதம் 130 வேறு மாதிரிச் சொல்கிறது: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனை உண்டு, அதனால் பயப்படுகிறேன் என்று சொல்லவில்லை. மன்னிப்பு உண்டு, அதனால் பயப்படுகிறேன். இந்த ஒரு வரியை நான் நாற்பது வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன், இன்னும் தீரவில்லை.

கடைசியாக, உங்களுக்குக் கசக்கிற ஒன்று. செயின் உங்களுடையதாகவே இருக்கலாம், அம்மா கொடுத்ததுதானே. ஆனால் பொய்யை அம்மா கொடுக்கவில்லை. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுவந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து என்றார் ஆண்டவர். நீங்கள் எழுந்து போனது சரிதான் அம்மா. போன திசைதான் தப்பு. மரத்தடிக்குப் போனீர்கள். அண்ணன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

நம்முடைய திருநெல்வேலிச் சபைகள் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகும் முன் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்தவை. அந்த மரபின் 1662 ஜெபப்புத்தகத்தில் திருவிருந்துக்கு முன் வாசிக்க இரண்டு வித எச்சரிப்பு இருக்கிறது. ஒன்று, அபாத்திரமாய் வருகிறவர்களுக்கு. இன்னொன்று, வராமலே இருக்கிறவர்களுக்கு! விருந்து சமைத்து வைத்து அழைத்தும் விருந்தாளி வராவிட்டால் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும் என்று கேட்கிறது. "நான் பெரிய பாவி, வரப் பயமாயிருக்கிறது" என்கிறவனிடம், அப்படியானால் ஏன் மனந்திரும்பவில்லை என்று கேட்கிறது. மனச்சாட்சி அடங்காதவர்கள் குருவானவரிடம் வந்து மனதைத் திறந்து சொல்லலாம் என்றும் இருக்கிறது. உங்கள் ஐயரிடம் பேசிவிடுங்கள்.

கடலோரம் எழுதியது:

வணக்கம். நான் கத்தோலிக்கப் பெண், மணப்பாடு பக்கம். உங்கள் சபையில் எப்படியோ தெரியாது, ஆனால் இதே பயம் எங்கள் பாட்டிக்கும் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, பாஸ்கா (உயிர்த்த ஞாயிறு) சமயத்தில் மட்டும் நற்கருணை (நீங்கள் திருவிருந்து என்பது) வாங்குவார்கள். "அடிக்கடி வாங்க நாம என்ன புனிதரா?" என்பார்கள்.

மறைக்கல்வி வகுப்பு எடுப்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். 1643-ல் பிரான்சில் அந்துவான் அர்னோ என்ற குரு, அடிக்கடி நற்கருணை வாங்குவதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நீண்ட தவமும் தயாரிப்பும் வேண்டும், மனம் சுத்தமாகும்வரை விலகி இருப்பதே மரியாதை என்பது அவர் பக்கம். அந்தக் கடுமை ரொம்ப காலம் பல இடங்களில் தங்கிவிட்டது. 1905-ல் பத்தாம் பயஸ் பாப்பரசர்தான், நல்ல எண்ணத்தோடும் சாவான பாவம் (மனதறிந்து செய்த பெரிய பாவம்) இல்லாமலும் வருகிற எவரும் தினமும் வாங்கலாம் என்று ஆணையிட்டார். நற்கருணை நல்லவர்களுக்குக் கொடுக்கிற பரிசு மாதிரி ஆகிவிடக்கூடாது, அது மருந்து என்பதுதான் அதன் சாரம். 1910-ல் ஏழு வயதையொட்டிய குழந்தைகளுக்கும் கதவைத் திறந்துவிட்டார்.

நாங்கள் ஒவ்வொரு திருப்பலியிலும் அப்பத்தைப் பார்த்து, ஆண்டவரே நீர் என் இல்லத்தில் வர நான் தகுதியற்றவள் என்று சொல்கிறோம். சொல்லிவிட்டு ஓடுவதில்லை. வரிசையில் போகிறோம். உங்கள் முறையிலும், பந்தியின் கீழ் விழும் துணிக்கைகளைப் பொறுக்கக்கூடப் பாத்திரர் அல்ல என்று சொல்கிற ஒரு ஜெபம் இருக்கிறது இல்லையா? அதைச் சொன்ன அடுத்த நிமிஷம்தானே எழுந்து போகிறார்கள்.

தூய ஆவியின் ஏழு கொடைகளில் கடைசியாக இறையச்சத்தை வைத்திருக்கிறார்கள். கொடை என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு எப்போதும் அந்தச் சொல் ஆறுதலாக இருக்கும்.

கன்மலை எழுதியது:

ஐயா சொன்ன ஓபேத்ஏதோம் பகுதியை இன்று மறுபடி வாசித்தேன். நான் ஊசாவோடு நிறுத்திவிட்டிருக்கிறேன். சகோதரி, போகாமல் இருப்பது பாதுகாப்பு என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். உங்களுக்காக ஜெபிக்கிறேன் (இதை மட்டும் எழுதாதீர்கள் என்றீர்கள், ஆனாலும்).

வேப்பமரத்தடி எழுதியது:

எல்லோருக்கும் பதில் எழுதப் பதினோரு நாள் ஆகிவிட்டது. மன்னியுங்கள்.

தமிழய்யா எழுதியதை அச்செடுத்து மகளிடம் கொடுத்தேன். "தனக்கு" என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டாள். அப்புறம் அவளிடம் செயின் கதை முழுவதையும் சொன்னேன். அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது. டப்பாவைச் சின்ன வயசிலேயே திறந்து பார்த்திருக்கிறாள்.

புதன்கிழமை திசையன்விளைக்கு பஸ் ஏறினேன். அண்ணன் கடை அங்கேதான். உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். ஆள் போகும்வரை நின்றேன். டப்பாவை மேஜையில் வைத்து, "அம்மா எனக்குக் குடுத்தாங்க, அன்னைக்கு நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன். வழி நெடுகச் சொல்லிப் பார்த்து வந்த மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. அண்ணன் திறந்தார். செயினைப் பார்க்கவில்லை. அந்த ரவிக்கைத் துணியைத்தான் எடுத்தார். பச்சையில் வெள்ளைப் புள்ளி. விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "உள்ள போ, மைனி இருக்கா" என்றார்.

மைனி என்ன சொன்னார்கள் என்று அப்படியே எழுதுகிறேன். "அத்தை செயின் எங்கன்னு அடக்கத்தன்னைக்கே பேச்சு வந்துச்சு. எல்லாரும் என் கழுத்தத்தான் பாத்தாங்க. ஆறு வருஷமா ஒரு கல்யாண வீட்டுக்குப் போனா மேல்சேலையை இழுத்து மூடிக்கிடுதேன். உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆறு வருஷம் மரத்தடியில் நின்று கர்த்தர் என்னை என்ன செய்வாரோ என்று நடுங்கினேன். நான் மைனியை என்ன செய்தேன் என்று ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை. தமிழய்யா, கொரிந்துவில் வெட்கப்படுத்தப்பட்டவர்களைப் பற்றி எழுதினீர்களே, அதை வாசித்தபோது வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

காலில் விழப் போனேன், மைனி விலகிக்கொண்டார்கள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தார்கள், குடித்தேன். செயின் யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை, கடை மேஜை டிராயரில் இருக்கிறது. துணியை அண்ணன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஐயரைப் பார்த்தேன். முழுவதையும் கேட்டார்கள். ஜெபித்தார்கள். பிறகு, "மைனியைச் சந்தேகப்பட்ட சொந்தக்காரங்க யார் யார்னு தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும். மூன்று வீடு. இரண்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில் பெரியம்மா அழுதார்கள். இன்னொரு வீட்டில் என்னை உட்காரச் சொல்லவில்லை.

மகள் நேற்று, "அப்ப ரெண்டு பேரும் முன்னாடி பாய்ல உக்காரலாம்ல?" என்று கேட்டாள். பேராயர் வருகிற ஞாயிறுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மைனிக்கும் சொல்லியிருக்கிறேன், வருவார்களா தெரியாது. வெள்ளைத் துணி வெட்டித் தைத்தாயிற்று, கை மட்டும் வைக்க வேண்டும். மூன்றாவது வீட்டுக்கு நாளைக் காலையில் போகிறேன்.